ஆங்கிலத்தில் அபாஸ்ட்ரபி தவறும் இடங்கள்: அறிகுறி பார்த்துத் திருத்தும் வழிமுறை

பாரிமுனை ஆண்டர்சன் தெருவில் திருமண அழைப்பிதழ் அச்சடிக்கும் கடைகளுக்கும், திருவல்லிக்கேணியில் பயோடேட்டா முதல் ஆய்வேடு வரை தட்டச்சு செய்து தரும் டிடிபி மையங்களுக்கும் ஆங்கில மெய்ப்புப் பார்த்துக் கொடுப்பது என் வேலை. எழுத்துக்கூட்டில் நேரும் பிழைகளைக் கணினியே சிவப்புக் கோடிட்டுக் காட்டிவிடுவதால் அவை இப்போது என் மேசைக்கு அதிகம் வருவதில்லை. வருபவற்றில் பாதிக்கு மேல் அபாஸ்ட்ரபி, அதாவது எழுத்தின் தலைக்கு மேல் தொங்கும் அந்தச் சிறு காற்புள்ளி, இடம் தவறியவைதாம். அவையும் புதிது புதிதாக வருவதில்லை. அதே ஏழெட்டுத் தவறுகள் வேறு வேறு வாடிக்கையாளர் கையில் திரும்பத் திரும்ப வருகின்றன. எந்த அறிகுறியைக் கண்டால் எதை முதலில் சோதிப்பது, செலவில்லாமல் எப்படித் திருத்துவது, எந்த இடத்தில் கையை எடுத்துவிட்டு விவரம் தெரிந்தவரிடம் போவது என்ற வரிசையில் அவற்றை எழுதுகிறேன்.

ஆங்கிலச் சொற்களை இங்கே தமிழ் எழுத்திலேயே காட்டியிருக்கிறேன். குறி நிற்கும் இடம் மட்டும் ஆங்கிலத்தில் உள்ளபடியே இருக்கும். எழுத்துக்கூட்டு தேவைப்படும்போது எழுத்தின் பெயரைச் சொல்கிறேன். பாய்ஸ், பாய்’ஸ், பாய்ஸ்’ ஆகிய மூன்றையும் உரக்கப் படித்துப் பாருங்கள். மூன்றும் ஒன்றாகவே ஒலிக்கும். காதை நம்பி இந்தக் குறியைப் போடவே முடியாது என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை.

எல்லாவற்றுக்கும் முன் செய்ய வேண்டிய சோதனை

சந்தேகத்துக்குரிய சொல்லைத் தமிழில் சொல்லிப் பாருங்கள். “கள்” மட்டும் வந்தால் குறி வேண்டாம். “உடைய” அல்லது “இன்” வந்தால் குறி வேண்டும். இரண்டு ஆங்கிலச் சொற்கள் நெருங்கி ஒன்றாகியிருந்தால், எழுத்து விழுந்த இடத்தில் குறி வேண்டும். வினைச்சொல்லாக வந்தால் குறி வேண்டாம். என் மேசைக்கு வரும் தாள்களில் பெரும்பாலானவை இந்த ஒரு சோதனையிலேயே திருந்திவிடும். திருந்தாதவற்றுக்கே கீழேயுள்ள பிரிவுகள்.

அறிகுறி 1: குறியே தேவையில்லாத சொல்லில் குறி நிற்கிறது

திருமண மண்டப வாசலில் மணமக்கள் பெயருக்கு நடுவே “வெட்’ஸ்” என்று எழுதியிருப்பதைச் சென்னையில் பார்க்காதவர் இருக்க முடியாது. அங்கே அது “மணக்கிறார்” என்னும் வினைச்சொல். யாருக்கும் எதுவும் உடைமையாகச் சொல்லப்படவில்லை. எந்த எழுத்தும் விழவுமில்லை. கடைத் திறப்பு விழாப் பலகைகளில் காணும் “வெல்கம்’ஸ் யூ” என்பதும் இதே வகைதான். எஸ் என்ற எழுத்தைக் கண்டவுடன் கை தானாகவே குறியைப் போட்டுவிடுகிறது. வேறு காரணம் தேட வேண்டியதில்லை. பலகை தெர்மோகோலில் வெட்டியதாக இருந்தால் இதைவிட எளிய திருத்தம் உலகில் கிடையாது. மற்ற எழுத்துகளைப் போலவே அந்தக் குறியும் ஒரு குண்டூசியில் தனியாகக் குத்தப்பட்டிருக்கும். நகத்தால் நெம்பினால் கையோடு வந்துவிடும். வரவேற்பு தொடங்க அரைமணி நேரம் இருக்கையில் நாற்காலி மேல் ஏறி நானே இரண்டு முறை இப்படி எடுத்திருக்கிறேன்.

பன்மைச் சொல்லாக இருந்தால்

உணவகத்தின் விலைப்பட்டியலில் “சமோசா’ஸ்”, ஸ்டூடியோ வாசலில் “போட்டோ’ஸ்” என்று வருவது பெரும்பாலும் உயிரொலியில் முடியும் சொற்களில்தான். எஸ்ஸை நேராகச் சேர்த்தால் சொல் விநோதமாகத் தெரிகிறதே என்று தயங்குபவர்கள் நடுவில் ஒரு குறியைச் செருகிவிடுகிறார்கள். தயங்காமல் சமோசாஸ், போட்டோஸ் என்றே சேர்த்து எழுதுங்கள். தக்காளி, உருளைக்கிழங்கு ஆகியவற்றின் ஆங்கிலப் பெயர்களுக்கு மட்டும் பன்மையில் எஸ்ஸுக்கு முன் ஓர் இ எழுத்து சேரும். அங்கும் குறி கிடையாது.

முதலெழுத்துச் சுருக்கமோ ஆண்டோ ஆக இருந்தால்

எம்எல்ஏஸ், ஏடிஎம்ஸ், சிடிஸ் என்று பெரிய எழுத்துகளுக்குப் பின் சிறிய எஸ் மட்டும் போதும். 1990கள் என்பதற்கும் அப்படியே. பழைய ஆங்கிலப் புத்தகங்களில் ஆண்டுகளுக்குக் குறி போட்டிருப்பதைக் காட்டிச் சிலர் வாதிடுவதுண்டு; அந்தக் காலத்து வழக்கில் அது இருந்தது உண்மைதான், இன்று பெரும்பாலான பதிப்பகங்கள் அதை விட்டுவிட்டன. பன்மைக்குக் குறி உண்மையிலேயே உதவும் ஓர் இடமும் உண்டு. தனிச் சிறிய எழுத்துகளைப் பன்மையில் சொல்லும்போது குறி போடாவிட்டால் ஏ, ஐ, யூ ஆகியவற்றின் பன்மையை ஆஸ், இஸ், அஸ் என்ற வேறு சொற்களாகப் படித்துவிட நேரும். அங்கே குறி போடுவதே வழக்கம்.

குடும்பப் பெயராக இருந்தால்

செலவு வைக்கும் கிளை இதுதான். “சுந்தரம் குடும்பத்தார் அழைக்கிறோம்” என்பதை ஆங்கிலத்தில் “தி சுந்தரம்ஸ்” என்று குறியின்றி எழுத வேண்டும். “சுந்தரம் குடும்பத்தாரின் இல்லம்” என்று வந்தால் மட்டுமே “தி சுந்தரம்ஸ்’” என்று எஸ்ஸுக்குப் பின் குறி வரும். வீட்டு வாசல் கிரானைட் பலகையிலும், தங்க ஃபாயில் பதிக்கும் அழைப்பிதழிலும் இதைத் தவறவிட்டால் திருத்துவதற்கு வழியில்லை. கல்லை மாற்ற வேண்டும், ஃபாயிலுக்குச் செய்த பிளாக்கை மறுபடி செய்ய வேண்டும். ஆகவே கல்லோ பிளாக்கோ செய்யக் கொடுப்பதற்கு முன் மெய்ப்புப் பார்ப்பவர் ஒருவரிடம் தாளில் அச்செடுத்துக் காட்டிவிடுங்கள்.

அறிகுறி 2: “இட்ஸ்” எழுதும்போதெல்லாம் கை நிற்கிறது

முதல் சோதனை ஏமாற்றும் இடம் இது. “அதனுடைய” என்று தமிழில் “உடைய” தெளிவாக வருகிறது. ஆனால் ஆங்கிலத்தில் அதற்குக் குறி இல்லை. இதற்கு வேறு சோதனை செய்ய வேண்டும்.

அந்த இடத்தில் “ஹிஸ்” என்று வைத்துப் படியுங்கள். பொருள் கோணலானாலும் வாக்கியம் நின்றால் குறி வேண்டாம்: வங்கி ஹிஸ் கிளைகளை மூடியது என்பது நிற்கிறது, ஆகவே இட்ஸ். நிற்காவிட்டால் “இட் இஸ்” அல்லது “இட் ஹாஸ்” என்று விரித்துப் படியுங்கள், விரிந்தால் இட்’ஸ். “ஹிஸ்” என்பதற்கு நடுவில் குறி போட யாருக்கும் கை வருவதில்லை. இட்ஸ், ஹர்ஸ், அவர்ஸ், யுவர்ஸ், தேர்ஸ் எல்லாம் அதே வீட்டுப் பிள்ளைகள். கடிதத்தின் அடியில் “யுவர்’ஸ் ஃபெய்த்ஃபுல்லி” என்று எழுதும் பழக்கமுள்ளவர்கள் இந்த வரியை இன்னொரு முறை படிக்கவும்.

விதி தெரிந்தும் தவறு வருகிறதென்றால் பெரும்பாலும் கைபேசிதான் காரணம். தானியங்கித் திருத்தம் நீங்கள் குறியின்றி அடித்ததில் குறியைச் சேர்த்துவிடும். அனுப்பும் முன் ஒரு முறை படிப்பதே போதுமான மருந்து.

மருந்தே நோயாவதும் உண்டு. ஆய்வு மாணவர் ஒருவர், வழிகாட்டி முதல் அத்தியாயத்தில் ஓர் இடத்தில் திருத்தினார் என்பதற்காகக் கோப்பு முழுவதிலும் இட்’ஸ் என்பதை இட்ஸ் என்று ஒரே கட்டளையில் மாற்றிவிட்டார். சரியாக இருந்தவையும் சேர்ந்து போயின. கெட்டி அட்டை போட்டு நான்கு பிரதிகள் கட்டி முடித்த பிறகுதான் அது தெரிந்தது. இந்தச் சொல்லுக்கு “அனைத்தையும் மாற்று” பொத்தானை ஒருபோதும் தொடாதீர்கள். தேடு கட்டளையால் ஒவ்வொன்றாக நிறுத்தி, இரண்டு சோதனைகளையும் செய்து மாற்றுங்கள். நூறு பக்கத்துக்கு ஒரு காபி நேரம்தான் ஆகும்.

இதே குடும்பத்தைச் சேர்ந்த மற்றவை: ஹூஸ் என்பது யாருடைய, ஹூ’ஸ் என்பது யார் இருக்கிறார், யுவர் என்பது உங்களுடைய, யூ’ர் என்பது நீங்கள் இருக்கிறீர்கள், தேர் என்பது அவர்களுடைய, தே’ர் என்பது அவர்கள் இருக்கிறார்கள். விரித்துப் பார்ப்பது ஒன்றே எல்லாவற்றுக்கும் சோதனை.

அறிகுறி 3: குறி வேண்டும் என்பது தெரிகிறது, எஸ்ஸுக்கு முன்னா, பின்னா என்பது தெரியவில்லை

இங்கே தமிழ் அறிந்தவருக்கு ஆங்கிலேயருக்கும் இல்லாத வசதி ஒன்று உண்டு. மாணவரின் என்றால் ஒருவர். மாணவர்களின் என்றால் பலர். நம் சொல்லில் முதலில் “கள்” வந்து, அதன் பிறகே “இன்” வருகிறது. “கள்” இருக்கும் இடத்தில் ஆங்கில எஸ்ஸையும், “இன்” இருக்கும் இடத்தில் குறியையும் வைத்துப் பாருங்கள். மாணவர்களின் விடுதி என்றால் எஸ் முதலில், குறி பிறகு: ஸ்டூடன்ட்ஸ்’ ஹாஸ்டல். மாணவர் ஒருவரின் பை என்றால் “கள்” இல்லை, ஆகவே குறியை வைத்து, உடைமைக்கான எஸ்ஸை அதன் பின் ஒட்டுங்கள்: ஸ்டூடன்ட்’ஸ் பேக்.

சரிபார்க்கும் வழி: குறியிலிருந்து வலப்பக்கம் உள்ளதையெல்லாம் கட்டைவிரலால் மறையுங்கள். எஞ்சி நிற்பது உரிமையாளரின் முழுப்பெயராக இருக்க வேண்டும். தையற்கடைப் பலகைகளில் வரும் “லேடீ’ஸ்” என்பதை மறைத்துப் பார்த்தால் எல், ஏ, டி, ஐ, இ என்ற ஐந்து எழுத்துகள் எஞ்சும். அப்படி ஒரு சொல்லே ஆங்கிலத்தில் இல்லை. பெண்கள் பலருக்கான கடையென்றால் லேடீஸ்’ என்பதே சரி.

எஸ் இல்லாமலே பன்மையாகும் சொல்லாக இருந்தால்

மென், விமென், சில்ட்ரன், பீப்பிள் ஆகியவை ஏற்கெனவே பன்மை. “கள்” வேலை முடிந்துவிட்டது. “இன்” மட்டும் பாக்கி. ஆகவே மென்’ஸ், விமென்’ஸ், சில்ட்ரன்’ஸ், பீப்பிள்’ஸ். கட்டைவிரல் சோதனையில் “மென்ஸ்’” தோற்றுவிடும், ஏனென்றால் மென்ஸ் என்றொரு சொல் இல்லை. சரியான மாதிரி வேண்டுமென்றால் கடற்கரைச் சாலையில் 1914-இல் தொடங்கிய குயின் மேரி’ஸ் காலேஜின் பெயரைப் பாருங்கள். அரசி ஒருவர், எஸ்ஸுக்கு முன் குறி. அதற்கு அடுத்த ஆண்டு, 1915-இல், தொடங்கிய விமென்’ஸ் கிறிஸ்டியன் காலேஜின் பெயரில் பெண்கள் பலர். ஆனாலும் பன்மை ஏற்கெனவே முடிந்துவிட்டதால் அங்கும் எஸ்ஸுக்கு முன்தான்.

லேடீஸ் ஹாஸ்டல், பாய்ஸ் ஹாஸ்டல் என்று குறியே இல்லாமல் எழுதலாமா என்று கேட்பவர்கள் உண்டு. பெயர்ப்பலகையில் எழுதலாம் என்பது என் கருத்து. அங்கே அந்தச் சொல் உடைமையைவிட வகையைக் குறிக்கிறது என்று கொள்ளலாம். ஆனால் மென்ஸ், சில்ட்ரன்ஸ் என்று குறியின்றி எழுதுவதற்கு அந்தச் சலுகை கிடையாது.

கொண்டாட்ட நாளாக இருந்தால்

இதில் என் கையே ஒருமுறை சுட்டது. ஒரு பள்ளிக்காக, டாக்டர் ராதாகிருஷ்ணன் பிறந்த செப்டம்பர் 5-க்கான ஃப்ளெக்ஸ் பதாகையை “டீச்சர்’ஸ் டே” என்று அப்படியே அனுமதித்துவிட்டேன். தலைமையாசிரியை பதாகையை மேலும் கீழும் பார்த்துவிட்டு, “எங்கள் பள்ளியில் ஆசிரியர் ஒருவர்தானா, ஐயா?” என்று மட்டும் கேட்டார். பதாகை கீழே இறங்கியது. என் கூலியும் அதோடு இறங்கியது. ஆசிரியர்களின் நாள், ஆகவே டீச்சர்ஸ்’ டே. நவம்பர் 14 சில்ட்ரன்’ஸ் டே, மார்ச் 8 விமென்’ஸ் டே.

ஆனால் மதர்’ஸ் டே ஒருமை. அன்னையர் தினம் என்று நாம் பன்மையில் சொல்வதால் மதர்ஸ்’ என்று எழுதத் தோன்றும். அமெரிக்காவில் அந்த நாளுக்காகப் பாடுபட்ட அன்னா ஜார்விஸ், ஒவ்வொரு குடும்பமும் தன் ஒரே தாயைப் போற்ற வேண்டும் என்பதற்காக ஒருமையே வேண்டும் என்று வலியுறுத்தினார். 1914-இல் அந்நாட்டுக் குடியரசுத் தலைவர் உட்ரோ வில்சன் வெளியிட்ட அறிவிப்புக்குப் பிறகு அந்த நாள் அங்கே நிலைபெற்றது. கொண்டாட்ட நாள்களுக்குத் தமிழ்ச் சோதனையை மட்டும் நம்பாமல் நிலைபெற்ற வடிவத்தைப் பார்த்து எழுதுவதே பாதுகாப்பு.

காலமும் பணமும் வந்தால்

தமிழ்ச் சோதனை கைவிடும் இன்னோர் இடம். “இரண்டு மாத நோட்டீஸ்”, “பத்து வருட அனுபவம்” என்று நாம் “இன்” இல்லாமலே சொல்லிவிடுகிறோம். ஆங்கிலத்துக்குக் குறி வேண்டும். ஒரு மாதம் என்றால் ஒன் மன்த்’ஸ் நோட்டீஸ், இரண்டு மாதம் என்றால் டூ மன்த்ஸ்’ நோட்டீஸ். வேலைக்கு அனுப்பும் பயோடேட்டாவில் டென் இயர்ஸ்’ எக்ஸ்பீரியன்ஸ். குறியின் இடம் பற்றிக் கவலைப்பட விரும்பாதவர்கள் நடுவில் “ஆஃப்” என்ற சொல்லைச் செருகி டென் இயர்ஸ் ஆஃப் எக்ஸ்பீரியன்ஸ் என்று எழுதிவிட்டால் குறியே தேவைப்படாது. நான் பயோடேட்டாக்களில் இதையே செய்கிறேன். “பத்து வருடங்களுக்கு முன்”, “மூன்று வயதுக் குழந்தை” போன்ற இடங்களில் குறி வராது.

பயோடேட்டாவில் இன்னொன்றையும் பார்த்துவிடுங்கள். மாஸ்டர்’ஸ் டிகிரி, பேச்சிலர்’ஸ் டிகிரி என்பவற்றுக்குக் குறி உண்டு. பேச்சிலர் ஆஃப் காமர்ஸ் என்று முழுப்பெயர் எழுதும்போது எஸ்ஸும் இல்லை, குறியும் இல்லை.

உரிமையாளர் இருவராக இருந்தால்

இருவருக்கும் பொதுவான ஒரே பொருளென்றால் கடைசிப் பெயருக்கு மட்டும் குறி: மீனா அண்ட் ரவி’ஸ் வெட்டிங். ஆளுக்கொன்று தனித்தனியென்றால் இரண்டு பெயருக்கும் குறி: மீனா’ஸ் அண்ட் ரவி’ஸ் பாஸ்போர்ட்ஸ்.

நிறுத்த வேண்டிய இடம்: வாடகை ஒப்பந்தம், அடுக்குமாடிக் குடியிருப்போர் சங்க விதிகள், பாகப் பத்திரம். “ஓனர்’ஸ் கன்சென்ட்” என்றால் உரிமையாளர் ஒருவரின் ஒப்புதல். “ஓனர்ஸ்’ கன்சென்ட்” என்றால் உரிமையாளர்களின் ஒப்புதல். ஒருவர் கையெழுத்துப் போதுமா, எல்லாரும் போட வேண்டுமா என்பது அந்தக் குறியைப் பொறுத்து மாறிப் படிக்கப்படலாம். மெய்ப்புப் பார்ப்பவர் இதில் கைவைக்கக் கூடாது, நான் வைப்பதில்லை. பென்சிலால் வட்டமிட்டு, பத்திரத்தை எழுதிய வழக்கறிஞருக்கே திருப்பி அனுப்புகிறேன்.

அறிகுறி 4: பெயரே எஸ்ஸில் முடிகிறது

தாமஸ், ஜேம்ஸ், தாஸ், ஸ்ரீனிவாஸ். தாமஸ்’ என்று நிறுத்துவதா, தாமஸ்’ஸ் என்று இன்னொரு எஸ் சேர்ப்பதா? இரண்டும் வழக்கில் உண்டு. சிகாகோ நடைக் கையேடு எஸ் சேர்க்கச் சொல்கிறது. செய்தித்தாள்கள் பின்பற்றும் அசோசியேட்டட் பிரஸ் கையேடு குறியோடு நிறுத்தச் சொல்கிறது. லண்டனில் இருக்கும் பூங்கா செயின்ட் ஜேம்ஸ்’ஸ் பார்க்; நியூகாஸிலில் இருக்கும் கால்பந்து மைதானம் செயின்ட் ஜேம்ஸ்’ பார்க். ஆங்கிலேயரே உடன்படாததில் நாம் தலையைக் கொடுக்க வேண்டாம். சோதிக்க வேண்டியது ஒன்றுதான்: ஒரே ஆவணத்தில் இரண்டு வகையும் கலந்திருக்கக் கூடாது. ஆய்வேடு, ஆய்விதழ்க் கட்டுரை என்றால் எந்த நடைக் கையேடு என்று அச்சுக்கு முன் வழிகாட்டியிடமோ பதிப்பாசிரியரிடமோ கேட்டுவிடுங்கள். “தாம’ஸ்” என்று பெயரையே வெட்டி எழுதுவது மட்டும் எந்தக் கையேட்டின்படியும் தவறு.

அறிகுறி 5: சுருக்கச் சொல்லில் குறி நகர்ந்திருக்கிறது

“டோ’ன்ட்”, “டஸ்’ன்ட்” என்று எழுதுபவர்கள் இரண்டு சொற்களும் ஒட்டிய இடத்தில் குறியை வைக்கிறார்கள். விழுந்த எழுத்தின் இருக்கையில்தான் குறி உட்கார வேண்டும். டூ நாட் என்பதில் விழுந்தது நாட் என்ற சொல்லின் ஓ எழுத்து. ஆகவே குறி என்னுக்கும் டீக்கும் நடுவில். இந்த வகைச் சொற்கள் அனைத்துக்கும் இதே சோதனை. அலுவலகக் கடிதம், மனு, ஒப்பந்தம் ஆகியவற்றில் விரித்தே எழுதிவிடுங்கள். பிழைக்கு இடமே இருக்காது.

சென்னை அலுவலகங்களில் மிகுதியாகப் புழங்கும் சுருக்கச் சொல் ஒன்று உண்டு. அது சுருக்கம் என்பதே பலருக்குத் தெரியாது. அம்மையாரை விளிக்கும் “மேடம்” என்ற சொல்லின் நடுவிலிருந்த டி விழுந்து உண்டான சொல் அது. எம், ஏ, குறி, ஏ, எம் என்று எழுத வேண்டும். நம் மின்னஞ்சல்களில் பெரும்பாலும் எம், ஏ, எம் என்ற மூன்றே எழுத்துகளில் வருகிறது. பிரிட்டனின் சில பகுதிகளில் அப்படி எழுதினால் “அம்மா” என்று பொருள். மேலதிகாரியை அம்மா என்று அழைப்பது தமிழ்நாட்டில் தவறாகாது என்றாலும், விடுப்புக் கடிதத்தில் அதை எதிர்பார்த்திருக்க மாட்டார். சந்தேகமிருந்தால் மேடம் என்று ஐந்தெழுத்தையும் முழுதாக எழுதிவிடுங்கள்.

அறிகுறி 6: குறி சரியான இடத்தில்தான் இருக்கிறது; வடிவம் தவறாக அல்லது குப்பையாகத் தெரிகிறது

குறி சாய்ந்து, மேலிருந்து வலப்பக்கம் இறங்கும் சிறு கோடாகத் தெரிந்தால்

விசைப்பலகையில் எண் 1-க்கு இடப்பக்கம் உள்ள விசையை அடித்திருக்கிறீர்கள். சரியான விசை என்டர் விசையை ஒட்டி இடப்பக்கம் இருக்கிறது.

சொல்லின் முதலில் வரும் குறி தலைகீழாகத் திரும்பிக்கொண்டால்

1990கள் என்பதை முதல் இரண்டு எண்கள் இல்லாமல் ’90கள் என்று சுருக்கும்போது வேர்ட் மென்பொருள் அதை மேற்கோளின் தொடக்கம் என்று நினைத்து எதிர்ப்பக்கம் வளைத்துவிடும். குறியை இரண்டு முறை அடித்து முதலாவதை அழித்துவிடுங்கள். இரண்டாவது சரியாக வளைந்திருக்கும். விண்டோஸில் ஆல்ட் விசையை அழுத்திக்கொண்டு வலப்பக்க எண்பலகையில் 0146 அடித்தாலும் அதே குறி வரும்.

குறி இருந்த இடத்தில் தொப்பி வைத்த ஏ, யூரோ குறி, ட்ரேட்மார்க் குறி என்று மூன்று உருக்கள் வந்தால்

வாடிக்கையாளர்கள் பதறும் அறிகுறி இதுதான். ஆனால் யாருடைய ஆங்கிலத்திலும் பிழையில்லை. எழுத்துகளைக் கணினி எண்களாகச் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில், வளைந்த குறி மூன்று பைட்டுகளாகச் சேமிக்கப்படுகிறது. பழைய விண்டோஸ் குறியேற்றத்தில் கோப்பைத் திறக்கும் மென்பொருள் அவற்றை மூன்று தனி எழுத்துகளாகப் படித்துவிடுகிறது. கோப்பை மூடி, யூடிஎஃப்-8 என்று தேர்ந்தெடுத்து மறுபடி திறவுங்கள். மாறாவிட்டால் ஆங்கில வரிகளை வெறும் உரையாக ஒட்டி, நேர்க்குறியை, அதாவது வளையாமல் நேராக நிற்கும் குறியை, போட்டுக்கொள்ளுங்கள்.

குறி ஒரு தமிழ் எழுத்தாகவோ வெற்றுக் கட்டமாகவோ மாறினால்

அழைப்பிதழ்க் கடைகளில் யூனிகோடுக்கு முந்தைய தமிழ் எழுத்துருக்கள் இன்னும் புழக்கத்தில் இருப்பதால் இது அடிக்கடி நடக்கிறது. ஆங்கில வரியோடு குறியும் தமிழ் எழுத்துருவில் மாட்டிக்கொண்டிருக்கும். அந்த ஓர் எழுத்தை மட்டும் தேர்ந்து ஆங்கில எழுத்துருவுக்கு மாற்றினால் போதும். உங்கள் திரையில் சரியாக இருந்து அச்சகத்தின் பிடிஎஃப்பில் மட்டும் மாறுகிறது என்றால், எழுத்துருவைக் கோப்போடு பதித்து அனுப்பும்படி வடிவமைப்பாளரிடம் சொல்லுங்கள். தகட்டுக்குப் போன பிறகு இதைக் கண்டுபிடிப்பது மிகுந்த செலவு.

அறிகுறி 7: தெரு, ஊர், நிறுவனப் பெயரில் குறி இல்லை, போடலாமா?

போடாதீர்கள். பெயர் என்பது உரியவர் எழுதும் விதம்தான்.

பாரி’ஸ் கார்னர் என்பதில் குறி உண்டு. நாம் பாரிமுனை என்று வேற்றுமை உருபை மறைத்துச் சொல்லிவிடுவதால் கொடைவள்ளல் பாரியை நினைப்பவர்களும் உண்டு. 1788-இல் இங்கே வணிகம் தொடங்கிய தாமஸ் பாரிதான் அந்தப் பாரி. எலியட்’ஸ் பீச் என்பதில் குறி போடுவது வழக்கம். ஆனால் 1844-இல் தொடங்கிய ஹிக்கின்பாதம்ஸ் புத்தகக் கடை தன் பெயரைக் குறியின்றி எழுதுகிறது. ஹாடோஸ் ரோடும் அப்படியே. மெக்டொனால்ட்’ஸ் குறியோடு எழுதுகிறது. பிரிட்டனின் வாட்டர்ஸ்டோன்ஸ் புத்தகக் கடை இருந்த குறியை 2012-இல் எடுத்துவிட்டது. அமெரிக்காவின் புவிப்பெயர் வாரியம் 1890 முதலே ஊர்ப்பெயர்களில் உடைமைக் குறியைத் தவிர்த்து வருகிறது. மார்த்தா’ஸ் வின்யார்டு போன்ற மிகச் சில பெயர்களுக்கு மட்டுமே விலக்கு அளித்திருக்கிறது.

சோதனை எளிது. நிறுவனமென்றால் அதன் லெட்டர்ஹெட்டையோ பதிவுச் சான்றிதழையோ பாருங்கள். காசோலை, விலைப்புள்ளி, ஒப்பந்தம் ஆகியவற்றில் சான்றிதழில் உள்ளபடியே, அது இலக்கணப்படி தவறாக இருந்தாலும், எழுத வேண்டும். சொந்தக் கடைக்குப் புதிதாகப் பெயர் வைப்பவர்கள் பலகைக்கு முன்பணம் கொடுப்பதற்கு முன் குறி உண்டா இல்லையா என்று முடிவு செய்து, பதிவிலும் வங்கிக் கணக்கிலும் அதே வடிவத்தைக் கொடுத்துவிடுவது நல்லது. வணிகச் சின்னமாகப் பதிவு செய்வதானால் விண்ணப்பத்தில் எந்த வடிவம் என்பதை அதற்குரிய வழக்கறிஞரிடம் கேட்டுவிடுங்கள்.

அறிகுறி 8: ஆளின் பெயரிலேயே குறி இருக்கிறது, இணையப் படிவம் ஏற்க மறுக்கிறது

சாந்தோம், பரங்கிமலைப் பக்கத்து வாடிக்கையாளர்கள் சிலருக்கு இந்தத் தொல்லை பழகிப்போனது. டி’சூசா, டி’குரூஸ் என்ற குடும்பப் பெயரை அடித்தவுடன் “சிறப்பு எழுத்துகளுக்கு அனுமதி இல்லை” என்று படிவம் சிவப்பாகிவிடும்.

முதலில் நேர்க்குறியைப் போட்டுப் பாருங்கள். கைபேசி தானாக இடும் வளைந்த குறியை மறுக்கும் சில படிவங்கள் நேர்க்குறியை ஏற்கும். அதையும் மறுத்தால் குறியை நீக்கி, இடைவெளி விடாமல் சேர்த்து அடியுங்கள். இடைவெளி விட்டால் முதல் எழுத்தைத் தனி இனிஷியலாகப் படித்துவிடும் வாய்ப்பு உண்டு. சேர்த்து எழுதுவதற்குப் பாஸ்போர்ட்டே துணை நிற்கிறது: விவரப் பக்கத்தின் அடியில் கருவி படிக்கும் இரண்டு வரிகளில், பன்னாட்டு விமானப் போக்குவரத்து அமைப்பின் விதிப்படி, அபாஸ்ட்ரபி விடப்பட்டு இருபக்க எழுத்துகளும் ஒட்டியே அச்சிடப்படும். விமானச் சீட்டில் பெயர் சேர்ந்து வந்திருந்தால் அந்த இரண்டு வரிகளோடு எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டுப் பாருங்கள். பொருந்தினால் கலங்க வேண்டியதில்லை.

பொருந்தாவிட்டால், அல்லது பத்தாம் வகுப்புச் சான்றிதழில் ஒரு வடிவம், ஆதாரில் ஒரு வடிவம், பான் அட்டையில் மற்றொன்று என்று மூன்றாகப் பிரிந்து கிடந்தால், மெய்ப்புப் பார்ப்பவரால் ஆவது ஒன்றுமில்லை. எல்லாச் சான்றிதழ்களின் நகல்களையும் ஒரே உறையில் எடுத்துக்கொண்டு நோட்டரியிடம் செல்லுங்கள்; இந்த வடிவங்கள் அனைத்தும் ஒரே ஆளைக் குறிப்பவை என்னும் உறுதிமொழிப் பத்திரம் போதுமா, அரசிதழில் பெயர் மாற்ற அறிவிப்பு வேண்டுமா என்பதை அவற்றைப் பார்த்த பிறகே சொல்வார்கள். அந்த உறுதிமொழிப் பத்திரத்தில் கையெழுத்திடும் முன் உங்கள் பெயரில் அந்தக் குறி எந்தப் பக்கம் வளைந்திருக்கிறது என்பதையும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.